பழைய ராணுவ லாரிக்கு ஆல்டர்னேட்டர் தேடுவது, பிரிப்பது, திரும்பப் பூட்டுவது: புதிதாக வருகிறவர்களுக்கு

இந்த லாரிகளில் பாட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் செத்துப்போனால் அன்றைக்கே தெரியாது. என் எம்35ஏ2 லாரியின் மல்டிஃபியூவல் (பல வகை எரிபொருளில் ஓடும்) டீசல் இஞ்சினுக்கு ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை, இன்ஜெக்‌ஷன் பம்ப் முழுக்க மெக்கானிக்கல், இஞ்சினை நிறுத்துவதுகூட ஒரு கேபிளை இழுத்துத்தான். அதனால் சனிக்கிழமை முழுக்க ஜம்மென்று சுற்றிவிட்டு வந்து ஷெட்டில் விட்டிருப்பீர்கள், ஞாயிறு காலை ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே பாட்டரி போச்சு என்று நினைத்து இரண்டு புது பாட்டரி வாங்குவார்கள். அதுவும் இரண்டு வாரத்தில் இறங்கிவிடும். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

நான் இருப்பது ஒஹையோவில். கையில் ஒரு எம்35ஏ2, அதாவது அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரி, இங்கே எல்லோரும் "டியூஸ் அண்ட் எ ஹாஃப்" என்பார்கள். கூடவே ஒரு எம்1009, ராணுவப் பச்சை அடித்த செவ்ரலே பிளேசர். இரண்டும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள். ஏலத்தில் இப்படி ஒன்றை எடுத்துவிட்டு விழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மற்ற நாட்டு ராணுவ வண்டி வைத்திருந்தாலும் பிரித்துப் பார்க்கிற பகுதி அப்படியே பொருந்தும், நம்பர்கள் மட்டும் மாறும்.

முதலில், உங்களிடம் இருப்பது எது?

லாரி மாடலைச் சொல்லி ஆல்டர்னேட்டர் கேட்காதீர்கள். எம்35 வரிசையை ரியோ, கைசர் ஜீப், ஏ.எம். ஜெனரல் என்று பல கம்பெனிகள் பல பத்தாண்டுகள் செய்திருக்கின்றன. அப்புறம் ராணுவப் பட்டறைகளில் பிரித்துக் கோர்த்திருக்கிறார்கள், கையில் கிடைத்ததைப் பூட்டியிருக்கிறார்கள். பழைய வண்டியில் 25 ஆம்ப் டைனமோ இருக்கும், அது கம்யூட்டேட்டரும் (கார்பன் உரசுகிற செம்புப் பட்டை வளையம்) வோல்டேஜைப் பிடிக்கும் தனி ரெகுலேட்டர் பெட்டியும் உள்ள அசல் டி.சி. டைனமோ. பிந்தியவற்றில் 60 ஆம்ப் ஆல்டர்னேட்டர். அதிலும் சிலவற்றில் ரெகுலேட்டர் வெளியே தனியாக, சிலவற்றில் உடம்புக்குள்ளேயே. ரேடியோ வண்டியாக இருந்திருந்தால் 100 ஆம்ப்கூட இருக்கலாம்.

அதனால் ஒரு டார்ச்சும் பழைய டூத் பிரஷும் எடுத்துக்கொண்டு போய் ஆல்டர்னேட்டர் மேலேயே ஒட்டியிருக்கும் தகட்டைத் தேடுங்கள். பச்சைப் பெயின்ட் மூன்று கோட் அடித்து எழுத்தே தெரியாமல் இருக்கும், தின்னர் தொட்டுத் துடைத்தால் வெளிவரும். அதில் உள்ள எல்லா நம்பரையும் போட்டோ எடுங்கள். தகடே இல்லையென்றால் புல்லியில் எத்தனை பள்ளம், போல்ட் மாட்டும் காது எத்தனை அகலம், பின்னால் எத்தனை டெர்மினல் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாங்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று. ராணுவ ஆவணங்களில் "ஆல்டர்னேட்டர்" என்று தேடினால் பாதி நேரம் எதுவும் வராது. அவர்கள் அதை ஜெனரேட்டர் என்றே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள், டேஷ்போர்டிலும் அந்தப் பெயர்தான். நம் ஊர் பட்டறைகளில் எந்த வண்டியின் ஆல்டர்னேட்டரையும் "டைனமோ" என்று சொல்வார்களே, அதே கதை.

நிஜமாகவே செத்துவிட்டதா?

பத்து டாலர் மல்டிமீட்டர் போதும். இந்த லாரி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பாட்டரி தொடரில் இணைந்திருக்கும். இஞ்சின் ஓடாமல், சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு, இரண்டுக்கும் சேர்த்து 25 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகவும் அளந்து பாருங்கள். ஒன்று 12.6, இன்னொன்று 11.9 என்று காட்டினால் சிக்கல் ஆல்டர்னேட்டரில் இல்லாமலும் இருக்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது ஸ்டார்ட் பண்ணி, ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வைத்து மறுபடி அளக்கவும். 27.5-இலிருந்து 28.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கிறது, வேறு எங்காவது தேடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டும் அந்த அளவு பெரிதாக இறங்கக் கூடாது. 25-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 29.5-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, ஓட்டுவதை நிறுத்துங்கள், பாட்டரி கொதிக்கும். டேஷ்போர்டில் மஞ்சள், பச்சை, சிவப்பு பட்டை போட்ட மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், அதற்கும் வயசாகிவிட்டது.

சார்ஜ் ஏறவில்லை என்றாலும் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். பெல்ட் இரண்டும் இருக்கின்றனவா, கட்டை விரலால் அமுக்கினால் அரை அங்குலத்துக்கு மேல் தொங்குகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் இஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பிளஸ் போல்ட்டிலும் மறுமுனையைப் பாட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ ஒரு இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பாட்டரி மைனஸுக்கும் இடையே இதே மாதிரி பார்த்தால் எர்த் பக்கம் எப்படி என்று தெரியும், அங்கே 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வண்டிகளில் ஒயர் முனைகளில் சின்ன உலோகப் பட்டையில் நம்பர் குத்தியிருக்கும், அதை மேனுவலின் சர்க்யூட் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். என் லாரியில் முதல் தடவை குற்றவாளி ஆல்டர்னேட்டரே இல்லை, பச்சை பூத்துப்போன ஒரு எர்த் பட்டைதான். இரண்டு பாட்டரி வாங்கிய பிறகு அதைக் கண்டுபிடித்தேன்.

ஒரு எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினில் பாட்டரி கேபிளைக் கழற்றிப் பார்த்து "ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதா" என்று சோதிக்கிற பழக்கம் டைனமோ காலத்து ஆட்களிடம் உண்டு. ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டரும் டயோடும் அந்த நொடியே போய்விடும். இதே காரணத்துக்காக இஞ்சின் நிற்கிறவரை மெயின் ஸ்விட்சையும் ஆஃப் பண்ணாதீர்கள்.

மேனுவலும் பதின்மூன்று இலக்கமும்

ராணுவ டெக்னிக்கல் மேனுவல்கள் பி.டி.எஃப். ஆக இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. மல்டிஃபியூவல் எம்35ஏ2-வுக்கு டி.எம். 9-2320-361 வரிசை, எம்1008, எம்1009 வகை சி.யு.சி.வி. வண்டிகளுக்கு (சிவிலியன் வண்டியை ராணுவத்துக்காக மாற்றியவை) டி.எம். 9-2320-289. கடைசியில் 10 என்று முடிந்தால் டிரைவருக்கானது, 20 என்றால் படைப்பிரிவுப் பட்டறைக்கு, 34 என்றால் பெரிய பட்டறைக்கு. நம்பருக்குப் பின்னால் பி என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அது உதிரிப்பாகப் பட்டியல். ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பூட்ட 20 போதும், உள்ளே திறக்க வேண்டுமென்றால் 34-ஐப் பாருங்கள்.

பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் என்.எஸ்.என். (நேஷனல் ஸ்டாக் நம்பர்) என்று 13 இலக்க நம்பர் இருக்கும். இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் தேடுகிற வேலை பாதி முடிந்தது. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை: 2920 என்றால் இஞ்சின் எலக்ட்ரிக்கல் பாகம், 3110 பேரிங், 3030 பெல்ட், 5977 கார்பன் பிரஷ், 6140 ரீசார்ஜ் பாட்டரி. அடுத்த இரண்டு இலக்கம் எந்த நாடு அந்த நம்பரைக் கொடுத்தது என்பது, 00 அல்லது 01 அமெரிக்கா, 12 ஜெர்மனி, 99 பிரிட்டன். மீதி ஏழு அந்தப் பொருளின் அடையாளம்.

இதில் நமக்கு என்ன லாபம் என்றால், ஒரே என்.எஸ்.என்.-க்குக் கீழே பல கம்பெனிகளின் பார்ட் நம்பர்கள் இருக்கும், அதில் பல சாதாரணச் சிவிலியன் பார்ட் நம்பர்கள். ராணுவம் பேரிங்குக்கென்று தனித் தொழிற்சாலை வைத்திருக்கவில்லை. "ராணுவ பேரிங்" என்று ஒருவர் சொல்லும் விலையையும், அதன் சீலில் பொறித்திருக்கும் நம்பரைச் சொல்லித் தெருமுனை பேரிங் கடையில் கேட்கும் விலையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சீலில் 6203 என்று இருந்தால் அது உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், உலகத்தில் எங்கே வாங்கினாலும் அதுதான்.

வாங்கப் போகும்போது

முழு ஆல்டர்னேட்டராக வாங்கத்தான் முடிவு என்றால் சர்ப்ளஸ் கடைகள், ஏல இணையதளங்கள், ஈபே, பழைய ராணுவ வண்டிக்காரர்கள் கூடும் சந்தைகள், இவ்வளவுதான் வழி. 60 ஆம்ப் ஆல்டர்னேட்டர் 5 டன் லாரிகளிலும் பயன்பட்டதால் அந்த வண்டிகளைப் பிரித்து விற்கிறவர்களிடமும் கேளுங்கள். அங்கே தொங்கும் சீட்டுகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ராணுவக் கிடங்கிலிருந்து வரும் பொருளில் வண்ணச் சீட்டு கட்டியிருக்கும். மஞ்சள் சீட்டு என்றால் வேலை செய்யும் நிலையில் உள்ளது. சிவப்பு என்றால் கழித்துக் கட்டியது. பச்சை? பச்சையைப் பார்த்ததும் "ஓகே" என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம், ஆனால் பச்சைச் சீட்டு என்றால் "வேலை செய்யாது, ஆனால் ரிப்பேர் பண்ணலாம்" என்று பொருள். சந்தையில் ஒருவர் பச்சைச் சீட்டு ஆல்டர்னேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு "பாருங்க, பாஸ் பண்ணி வந்தது" என்று கூசாமல் சொன்னார், அவருக்கே தெரியாமல்கூட இருந்திருக்கலாம். பச்சை கெட்டதும் இல்லை, நீங்களே பிரிக்கப் போகிறீர்கள் என்றால் குறைந்த விலைக்குப் பேசி வாங்க அதைவிட நல்லது கிடையாது. சீட்டே இல்லாமல் எழுத்துக் குறியீடு மட்டும் இருந்தால் ஏ என்பது நல்ல நிலை, எஃப் என்பது ரிப்பேருக்கு உரியது, எச் என்பது குப்பை.

அப்புறம் பெட்டியின் தேதி. பிரிக்காத ராணுவப் பெட்டியின் லேபிளில் பேக் செய்த மாதமும் வருடமும் இருக்கும். நான் ஒருமுறை 1984-ஆம் வருடத் தேதி போட்ட, சீல் உடைக்காத பெட்டி ஒன்றை வாங்கினேன். மெழுகுத்தாள், உள்ளே ஈரம் உறிஞ்சும் பை, பளபளவென்று உடம்பு, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. பூட்டி இருபது நிமிஷம் ஓட்டியதும் ஊளையிட ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் பேரிங்கில் இருந்த கிரீஸ் காய்ந்து பழைய சோப்பு மாதிரி ஆகியிருந்தது, விரல் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. "ஒரு நாளும் பயன்படுத்தாதது" என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை, வியாதியே அதுதான். ஆகவே பழைய புதுச் சரக்கு வாங்கினால் இரண்டு புது பேரிங் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பூட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: தகட்டின் போட்டோ, பின்பக்க டெர்மினல்களின் போட்டோ, புல்லி சேர்ந்து வருமா, கையால் சுற்றினால் கரகரப்பு இருக்கிறதா. போட்டோ அனுப்ப மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். சோதித்துப் பார்த்தது என்று சொன்னால் எத்தனை வோல்ட்டில் என்று கேளுங்கள், ஏனென்றால் பெரும்பாலான கார் ஸ்பேர்ஸ் கடைகளின் சோதனை பெஞ்சுகள் 12 வோல்ட் மட்டும்தான் பார்க்கும். கனரக லாரி ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் ரிப்பேர் பண்ணும் கடைகளில் 24 வோல்ட் பெஞ்ச் இருக்கும், உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் அவரோடு பழகிவையுங்கள். நம் ஊரில் தெருவுக்கொரு வைண்டிங் கடை இருக்கும், இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கழற்றுவது

மோதிரம், வாட்ச், கைச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். இரண்டு பெரிய பாட்டரிக்கு நடுவே ஒரு மோதிரம் மாட்டினால் அது வெல்டிங் ராடு ஆகிவிடும், விரல் உள்ளேயே இருக்கும். பாட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது மைனஸ் கடைசி. ஒயர்களைக் கழற்றும் முன் போட்டோ, அதோடு ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதிவையுங்கள். பெல்ட் இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்துவிட்டு, அடிப் போல்ட்டை உருவும் முன் கீழே கட்டை ஏதாவது முட்டுக் கொடுங்கள், கார் ஆல்டர்னேட்டர் நினைப்பில் ஒரு கையால் தாங்கப் பார்த்தால் மணிக்கட்டு போய்விடும். பெல்ட் ஒன்று மட்டும் விரிந்திருந்தாலும் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதியது எல்லாச் சுமையையும் இழுத்துச் சீக்கிரம் அறுந்துவிடும்.

உள்ளே திறந்து பார்ப்பது

எனக்குப் பிடித்த பகுதி இது. ஆல்டர்னேட்டருக்குள் கெட்டுப்போகிற சாமான் மொத்தமே ஐந்துதான்: கார்பன், பேரிங், டயோடு, ரெகுலேட்டர், காயில். இதே வரிசையில்தான் சந்தேகப்பட வேண்டும். கார்பன் பிரஷ் உரசுகிற ஸ்லிப் ரிங் என்ற வளையங்கள் வழியாகச் சுழல்கிற ரோட்டருக்குள் சின்னக் கரண்ட் போய் அது காந்தமாகிறது, அந்தக் காந்தம் சுற்றும்போது வெளியே நிற்கும் ஸ்டேட்டர் காயிலில் ஏ.சி. பிறக்கிறது, டயோடுகள் அதை டி.சி. ஆக்குகின்றன, ரெகுலேட்டர் ரோட்டருக்குப் போகும் கரண்ட்டைக் கூட்டிக் குறைத்து வோல்டேஜைப் பிடிக்கிறது. இது மனதில் இருந்தால் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

திறக்கும் முன் முன்பாதி, பின்பாதி இரண்டின் மேலும் ஒரே கோடாகக் கீறிக்கொள்ளுங்கள், திரும்பச் சேர்க்கும்போது காதுகள் சரியாக உட்கார அதுதான் வழி. ரெகுலேட்டர், பிரஷ் மூடி எதுவாவது வெளியிலிருந்து கழற்ற முடியும் என்றால் அதை முதலில் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பாதியைப் பிரிக்கும்போது கார்பன் உடையும்.

கார்பன் தேய்ந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். புதியதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். ஸ்பிரிங் ஒழுங்காகத் தள்ளுகிறதா, கார்பன் அதன் கூண்டில் சிக்காமல் வழுக்குகிறதா என்றும் பாருங்கள், நீண்ட காலம் ஓடாமல் நின்ற வண்டியில் தேய்மானமே இல்லாமல் கார்பன் சிக்கிக்கொண்டு சார்ஜ் நின்றுபோவது சகஜம். சரியான கார்பன் கிடைக்கவில்லையா, கொஞ்சம் பெரிய அளவு வாங்கி மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம், ஆனால் அதே வகைக் கார்பனாக இருக்க வேண்டும்.

ஸ்லிப் ரிங் இரண்டும் கறுத்திருந்தால் 400 நம்பர் மெல்லிய உப்புத்தாளைப் பிடித்து ரோட்டரைச் சுற்றித் துடைக்கவும், ஒரே இடத்தில் தேய்த்தால் பள்ளம் விழும். இப்போது மீட்டரை ஓம்ஸில் வைத்து ஒரு ரிங்கிலிருந்து இன்னொரு ரிங்குக்கு அளக்கவும். சில ஓம் காட்ட வேண்டும், சரியான அளவு 34 மேனுவலில் இருக்கும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, ஆனால் அதற்குள் தலையில் கைவைக்க வேண்டாம், பல தடவை ரிங்கில் சால்டர் பண்ணிய இடம் மட்டும்தான் விட்டிருக்கும். ரிங்கிலிருந்து ஷாஃப்டுக்கு அளந்தால் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் ரோட்டர் எர்த் ஆகிவிட்டது.

ஸ்டேட்டரில் மூன்று முனைகள். எந்த இரண்டை எடுத்தாலும் தொடர்பு இருக்க வேண்டும், எந்த முனைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. வார்னிஷ் கருகி வாசனை அடித்தால் மீட்டரே வேண்டாம், மூக்கு சொல்லிவிடும். ரீவைண்டிங் பண்ணலாம்தான், ஆனால் செலவைப் பார்த்தால் பச்சைச் சீட்டு ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கி அதன் ஸ்டேட்டரை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

டயோடு ஆறு இருக்கும், மூன்று பிளஸ் பக்கம், மூன்று மைனஸ் பக்கம். ஸ்டேட்டர் ஒயரைப் பிரித்துவிட்டு மீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் சோதியுங்கள். ஒரு பக்கம் 0.5 அல்லது 0.6 காட்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டாது. இரண்டு பக்கமும் காட்டினால் ஷார்ட், இரண்டு பக்கமும் காட்டாவிட்டால் ஓப்பன். இரவெல்லாம் பாட்டரி தானாக இறங்குகிறது என்றால் ஷார்ட் ஆன டயோடு மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். மாற்றும்போது 12 வோல்ட் காருக்கான டயோடைப் போட்டுவிடாதீர்கள், அவற்றில் பல 24 வோல்ட் தாங்காது. சால்டரிங் பண்ணும்போது பெரிய அயர்ன், குறைந்த நேரம். சின்ன அயர்னை வைத்து நிமிஷக் கணக்கில் உருக்கினால் டயோடு வெந்துவிடும்.

பேரிங்கை எந்த யோசனையும் இல்லாமல் மாற்றிவிடுங்கள், இவ்வளவு தூரம் திறந்துவிட்டு அதை விட்டுவைப்பது பைத்தியக்காரத்தனம். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுங்கள், சரியான அளவு சாக்கெட்டை வைத்து பிரஸ்ஸிலோ வைஸிலோ அமுக்கலாம். சுத்தியால் வெளிவளையத்தில் தட்டினால் புது பேரிங் அப்போதே பழசு. ராணுவ ஆல்டர்னேட்டரில் தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் வளையங்களும் காஸ்கெட்டும் இருக்கும், எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். ஆற்றைக் கடக்கப் போவதில்லை என்று விட்டால் மழைத் தண்ணீர் போதும் உள்ளே துருப்பிடிக்க.

சேர்க்கும்போது ஸ்பிரிங் கார்பனை வெளியே தள்ளி வழிமறிக்கும். டெல்கோ கம்பெனி வகையில் பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும்: கார்பனை உள்ளே அமுக்கி அந்த ஓட்டை வழியாகப் பல் குத்தும் குச்சியை நுழைத்தால் கார்பன் உள்ளேயே நிற்கும், இரண்டு பாதியும் சேர்ந்ததும் குச்சியை உருவினால் "டிக்" என்று ரிங்கில் உட்காரும். குச்சியை உருவ மறந்து லாரியில் பூட்டியவர்கள் உண்டு. அதில் ஒருவர் நான்.

பூட்டிய பிறகு

நிறைந்த பாட்டரியோடு ஸ்டார்ட் செய்து வோல்டேஜைப் பாருங்கள். உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள 60 ஆம்ப் வகையில் ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் சரிசெய்யும் ஸ்க்ரூ இருக்கும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பிப் பாட்டரி முனையில் 28 வோல்ட் வரும்படி வையுங்கள், மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். 25 ஆம்ப் டைனமோவாக இருந்தால் ரிப்பேருக்குப் பிறகு அதற்கு எந்தப் பக்கம் பிளஸ் என்று கற்றுக்கொடுக்க ஒரு நொடி கரண்ட் தொட்டுக்காட்டும் வேலை ஒன்று உண்டு, மேனுவலில் இருக்கிறது. ஆல்டர்னேட்டரிடம் அதை முயற்சி பண்ணவே கூடாது.

சி.யு.சி.வி. வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும்

எம்1008, எம்1009 போன்றவை 1980-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்தவை, 6.2 லிட்டர் டீசல். இவற்றில் 24 வோல்ட் ஆல்டர்னேட்டர் கிடையாது, 12 வோல்ட், 100 ஆம்ப் ஆல்டர்னேட்டர் இரண்டு இருக்கும். டிரைவர் பக்கம் உள்ளது முதல் பாட்டரியை, பயணி பக்கம் உள்ள மற்றது அதன் தோளில் ஏறி (தொடரில் இணைந்து) நிற்கும் இரண்டாவது பாட்டரியைச் சார்ஜ் செய்கிறது. அதனால் இரண்டாவது ஆல்டர்னேட்டரின் மைனஸ், வண்டியின் எர்த் இல்லை, அது 12 வோல்ட்டில் நிற்கிறது. இதற்காகவே இரண்டும் உடம்பில் எர்த் ஆகாத வகையாகத் தனி மைனஸ் போல்ட்டோடு வருகின்றன.

பார்வைக்கு அப்படியே இருக்கும் சாதாரண டெல்கோ ஆல்டர்னேட்டர் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். அதை வாங்கிப் பயணி பக்கம் பூட்டி மைனஸ் கேபிளை முடுக்கினால் 12 வோல்ட் நேராக இஞ்சின் வழியே எர்த் ஆகும். முதலில் கேபிள் ரப்பர் கொப்பளிக்கும், அப்புறம் புகை, பாட்டரியைக் கழற்ற உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சில நொடிதான். வாங்கிய ஆல்டர்னேட்டர் எந்த வகை என்று பார்க்க, மீட்டரை வைத்து மைனஸ் போல்ட்டுக்கும் உடம்புக்கும் இடையே அளந்தால் போதும், தொடர்பு காட்டினால் பயணி பக்கம் போடக் கூடாது.

அளக்கும்போதும் இதே குழப்பம்தான். பயணி பக்க ஆல்டர்னேட்டரின் பிளஸ்ஸையும் வண்டி எர்த்தையும் வைத்து அளந்து, 28 வருகிறதே ஓவர் சார்ஜ் ஆகிறது என்று பயப்படுகிறார்கள். அதன் சொந்தப் பிளஸ்ஸுக்கும் சொந்த மைனஸுக்கும் இடையே அளக்க வேண்டும், அப்போது 14-க்குப் பக்கத்தில் வரும். சாவியைத் திருப்பியதும் டேஷில் ஜென் 1, ஜென் 2 என்ற இரண்டு விளக்கும் எரிந்து, இஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியாவிட்டால் முதலில் பல்பைப் பாருங்கள்.

இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு முழு வண்டியையும் 12 வோல்ட்டாக மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் உட்பட மாற்ற வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை, ஒஹையோ குளிரில் 24 வோல்ட் ஸ்டார்ட்டர் இஞ்சினைச் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குக் காரணம் புரியும்.

இனி எம்35ஏ2-வுக்குத் திரும்பி, ஆரம்பத்தில் சொன்ன ஒரு பாட்டரி மட்டும் இறங்கும் விஷயம். போன் சார்ஜரோ சி.பி. ரேடியோவோ மாட்டுவதற்காக முன்பு வைத்திருந்தவர் ஒரே ஒரு பாட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்திருப்பார். 24 வோல்ட் ஆல்டர்னேட்டருக்கு இரண்டின் கூட்டுத்தொகைதான் தெரியும், அதனால் இழுபடுகிற பாட்டரி பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மீறித் தின்று கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும், பழி ஆல்டர்னேட்டர் மேல் விழும். அந்த ஒயரை அறுத்தெறிந்துவிட்டு, 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை இரண்டு பாட்டரிக்கும் சேர்த்து மாட்டுங்கள். என் லாரியில் அந்த ஒயர் சீட்டுக்கு அடியில், கம்பளிக்குள் சுருட்டி மறைத்து வைத்திருந்தது, மறுமுனையில் ஒரு சிகரெட் லைட்டர் சாக்கெட், அதற்குள் இன்னும் யாருடைய சார்ஜரோ இருந்தது.